வீட்டுப் பட்டறை: வாசலிலேயே டயர் மாற்றலாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்ட கையோடு அப்பாவும் மகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விருதுநகர் பக்கத்தில் ஒரு தெரு. வேப்பமர நிழலில் 100 சிசி பைக் ஒன்று சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. பக்கத்தில் ரப்பர் வாசனை மாறாத புது டயர், டப்பாவுக்குள் புது ட்யூப்.

அப்பாவுக்கு இப்போது மில்லில் வேலை. ஆனால், பதினாறு வயதில் இரண்டு வருடம் பஞ்சர் கடையில் இருந்தவர். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலையில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரை பைக் ஓட்டுவது அவள்தான். போன வாரம் மழை பெய்த அன்று, ஒரு வளைவில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கிப் போய், எப்படியோ நிமிர்ந்துவிட்டது. யாரும் விழவில்லை. ஆனால், அதை வீட்டில் சொல்ல இருவருக்கும் ஒரு நாள் ஆனது.

“டயர் மொட்டையாயிருச்சுப்பா.”

“மாத்திருவோம் தாயி. ஆனா, நான் கை வைக்க மாட்டேன். நீதான் மாத்தப்போற.”

“கடையில கொடுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருமே?”

“முடிஞ்சிரும். உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? ஓட்டுறது நீ. பின்னாடி உக்கார்றது உங்கம்மா.”

டயர் மாற்றத் தெரிந்துகொள்வது காசை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. நாம் எதன் மேல் உட்கார்ந்து போகிறோம் என்று ஒருமுறையாவது கழற்றிப் பார்த்தவருக்கு, கடையில் வேலை நடக்கும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

*மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?*

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடுகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று காட்ட, டயரின் பக்கவாட்டில் ‘டி.டபிள்யூ.ஐ’ என்ற எழுத்துகளோ, ஒரு சின்ன முக்கோணமோ அச்சிட்டிருப்பார்கள். இரு சக்கர வாகனங்களில் இந்த மேட்டின் உயரம் 0.8 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து தேய்ந்து மேல்பரப்பும் இந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

காய்ந்த ரோட்டில் மொட்டை டயரின் ஆபத்து அவ்வளவாகத் தெரியாது. மழையில்தான் தெரியும். பள்ளங்களின் வேலையே, ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான். பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் போக வழியில்லை. சக்கரம் தண்ணீரின் மேல் ஓட ஆரம்பித்துவிடும்.

பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் வயது முக்கியம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகள் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம், உள்நூல் தெரிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

*வாங்கும் முன்பு எண்ணைப் படியுங்கள்*

மகள் புது டயரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். 80/100-18 54P என்று இருக்கிறது.

முதல் எண், டயரின் அகலம்: 80 மில்லிமீட்டர். இரண்டாவது, டயரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. இங்கே 100 சதவிகிதம், அதாவது அதுவும் 80 மில்லிமீட்டர். மூன்றாவது, ரிம்மின் விட்டம்: 18 அங்குலம். 54 என்பது எடைக்கான குறியீடு. இந்த டயர் 212 கிலோ வரை தாங்கும். P என்பது வேகத்துக்கான குறியீடு; மணிக்கு 150 கிலோமீட்டர் வரை.

‘அகலமான டயர் போட்டா கெத்தா இருக்கும்’ என்று பலர் அளவை மாற்றிப் போடுகிறார்கள். ரிம்முக்குப் பொருந்தாத டயர், வளைவில் தன் வடிவத்தை இழக்கும். செயின் கவரிலும் மட்கார்டிலும் உரசவும் செய்யலாம். வண்டியின் கையேட்டில் என்ன அளவு சொல்லியிருக்கிறதோ, அதுதான் உங்கள் அளவு.

*எது வீட்டு வேலை, எது கடை வேலை?*

ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே ட்யூப், டிரம் பிரேக். இந்த மூன்றும் உள்ள சாதாரண பைக் என்றால் வீட்டிலேயே மாற்றலாம்.

ட்யூப்லெஸ் டயர் வேறு ரகம். காற்று வெளியே போகாமல் இருக்க அதன் விளிம்பு ரிம்மோடு மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும். கையால் கழற்றும்போது அலாய் ரிம்மின் ஓரத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகவே காற்று இறங்கும். மறுபடி மாட்டினாலும், விளிம்பை ரிம்மில் உட்காரவைக்க கம்ப்ரஸர் தரும் வேகமான காற்று தேவை. கைப்பம்பு அதற்குப் போதாது. அதனால், ட்யூப்லெஸ் டயர் மாற்றுவதைக் கடையில் மெஷின் வைத்திருப்பவரிடம் விட்டுவிடலாம். ஆணி குத்திய ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைப்பதை மட்டும் வீட்டில் செய்யலாம். அதுவும் ரோட்டில் படும் பகுதியில் குத்தியிருந்தால்தான். பக்கவாட்டில் குத்தியிருந்தால் கூடாது.

*என்னென்ன வேண்டும்?*

அப்பா முதலில் ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் விரிக்கிறார். “கழட்டுறதை எல்லாம் கழட்டுன வரிசையிலேயே இதுல வை. இடமிருந்து வலம். கடையில எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது இதுதான்.”

தாளுக்குப் பக்கத்தில் சாமான்கள்:

• அளவுக்கேற்ற ரிங் ஸ்பேனர்கள், நோஸ் பிளையர்
• டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று
• வால்வு பின் கழற்றும் சாவி
• பம்பு, காற்றின் அளவு பார்க்கும் கேஜ்
• சோப்புத் தண்ணீர், டால்கம் பவுடர், பழைய துணி
• சக்கரத்துக்குக் கீழே போட ஒரு சாக்கு
• புது ஸ்பிளிட் பின் ஒன்று

லீவருக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரை எடுப்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் தவறு. லீவரின் முனை வழவழப்பாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் முனை புது ட்யூபைக் கடித்துவிடும். அதேபோல, வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் மட்டும்தான். ஆயிலும் கிரீஸும் பெட்ரோலும் ரப்பருக்கு ஆகாது.

*சக்கரத்தை வெளியே எடுப்பது*

சிமென்ட் தரை போன்ற சமமான, கெட்டியான இடத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைக்க வேண்டும். சைலன்சர் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் பிரேக் ராடு. அதன் முனையில் உள்ள நட்டைக் கழற்றினால், ராடு விடுபடும். உள்ளிருந்து ஒரு சின்ன உருளையும் ஒரு ஸ்பிரிங்கும் வரும். தாளில் வைக்கிறாள்.

அடுத்து, பிரேக் தட்டையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கும் இரும்புப் பட்டை. டார்க் ராடு என்பார்கள். பார்க்கச் சாதாரணப் பட்டைதான். அதன் நட்டுக்கு மேலே ஒரு ஸ்பிளிட் பின் குத்தியிருக்கும். பின்னின் வளைந்த கால்களை பிளையரால் நிமிர்த்தி உருவி, நட்டையும் போல்ட்டையும் கழற்றித் தாளில் வைக்கிறாள்.

மூன்றாவது, நடு அச்சின் நட். இது இறுகியிருக்கும். ஸ்பேனரை வைத்து, சீராக அழுத்த வேண்டும். சுத்தியலால் ஸ்பேனரை அடித்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடலாம். நட் வந்ததும் அச்சைப் பிடித்து உருவினால், வலப்பக்கம் ஒரு குழல் போன்ற துண்டு கீழே விழும். எந்தப் பக்கத்தில் இருந்து, எந்த முகம் உள்ளே பார்க்க இருந்தது என்று கவனித்து வைக்க வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

இந்தியாவில் ஓடும் பல சாதாரண பைக்குகளில் ஒரு வசதி உண்டு. செயினும் பல்சக்கரமும் இடப்பக்கத்தில் அப்படியே தங்கிவிடும்; சக்கரத்தை மட்டும் வலப்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். காற்றை முழுவதும் இறக்கிவிட்டால் மட்கார்டுக்கு அடியில் சிக்காமல் வரும். சில வண்டிகளை லேசாகச் சாய்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்வது அவசியம். தனியாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்கக் கூடாது.

சக்கரம் வந்ததும் உள்ளே பிரேக் கட்டைகளும் தூசியும் தெரியும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கட்டையில் சோப்போ எண்ணெயோ படவும் கூடாது.

*பலம் அல்ல, பள்ளம்!*

வால்வு பின்னைக் கழற்றி மிச்சக் காற்றையும் விட்டாயிற்று. பஞ்சர் கடை பாஷையில் ‘மவுத்’ என்று சொல்லப்படும் வால்வுக் குழாயின் நட்டையும் எடுத்தாயிற்று. சக்கரத்தைச் சாக்கின் மேல் படுக்கவைத்து, டயரின் பக்கவாட்டில் குதிகாலால் மிதித்தால் விளிம்பு ரிம்மை விட்டு இறங்கும். பழைய டயர் என்றால் ஒட்டிப்போயிருக்கும். சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும். பிறகு மறுபக்கம்.

லீவரைச் செருகி மகள் இழுக்கிறாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

“வரவே மாட்டேங்குதுப்பா.”

“பலத்தைக் காட்டாத. எதிர்ப்பக்கத்தை மிதி.”

எதிர்ப்பக்கத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதும், இந்தப் பக்கம் லீவர் வெண்ணெயில் கத்தி போவது போலத் திரும்புகிறது.

டயர் மாற்றும் வித்தை மொத்தமும் இதில்தான் இருக்கிறது. டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று உண்டு. அது இம்மியும் நீளாது. ஆனால், ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஓரங்கள் உயர்ந்தும் நடுவில் பள்ளமாகவும் இருக்கும். விளிம்பின் ஒரு பக்கத்தை அந்த நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். பஞ்சர் கடையில் ஒல்லியாக இருக்கும் பையன்கூட ஒரு நிமிடத்தில் டயரைக் கழற்றுவதன் காரணம் இதுதான். கஷ்டமாக இருக்கிறது என்றால், பலம் போதவில்லை என்று அர்த்தமல்ல. எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம்.

லீவரை ஒரே தடவையில் ஒரு சாண் தள்ளி வைக்காமல், நான்கு விரல் அகலம் மட்டும் தள்ளித் தள்ளி வைத்துப் புரட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் வெளியே வந்ததும் ட்யூபை உருவிவிடலாம். பிறகு மறுபக்க விளிம்பையும் அதே பக்கமாகப் புரட்டினால் டயர் தனியே வந்துவிடும்.

*டீ நேரக் கதை*

அம்மா டீ கொண்டுவருகிறார். “அப்பனும் மகளும் வாசலை மெக்கானிக் ஷெட் ஆக்கிட்டீங்க!”

காற்றடைத்த டயரே இப்படி ஓர் அப்பாவும் பிள்ளையும் இருந்த வீட்டில் உருவானதுதான். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர் ஜான் பாய்ட் டன்லப். தன் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் தடதடவென்று ஆடுவதைப் பார்த்து, 1887-ல் மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி, காற்றடைத்து, துணி சுற்றிச் சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமை கேட்டார். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அதற்கு வாழ்வு வரவில்லை. சைக்கிள் பெருகிய காலத்தில் வந்ததால், டன்லப்பின் டயர் உருண்டுவிட்டது.

நம் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறிய கொட்டகையாகத் தொடங்கியதுதான், பின்னாளில் டயர் செய்யும் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி ஆனது.

*முள்ளைத் தேடுங்கள்*

டயர் தேய்ந்துபோய் மாற்றுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பஞ்சர் ஆகி, அதே டயரைத் திரும்ப மாட்டுகிறவர்கள் தாண்டக் கூடாது. ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால், குத்திய முள் டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சீமைக்கருவேல முள் வெளியே ஒடிந்துபோய், உள்ளே முனை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது தென்மாவட்ட ரோடுகளில் சகஜம். அடுத்த நாளே மறுபடி பஞ்சர் ஆனால், ஒட்டியவரைத் திட்டுவோம்.

டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் தடவ வேண்டும். முள் இருந்தால் துணியில் நூல் இழுக்கும். வெறும் விரலால் தடவினால் முள் விரலில் ஏறும்.

ரிம்மின் உள்பக்கமும் முக்கியம். ஸ்போக்ஸ் கம்பிகளின் முனைகளை மூடியபடி ஒரு ரப்பர் பட்டை ஓடும். அது கிழிந்தோ, விலகியோ இருந்தால் கம்பி முனை ட்யூபைக் குத்தும். துரு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து, பட்டையைச் சரியாக உட்காரவைத்த பிறகே அடுத்த வேலை.

*புது டயர் உள்ளே போகிறது*

டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. புது டயரில் சின்ன வண்ணப்புள்ளி இருந்தால், அது டயரின் எடை குறைந்த இடம். அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வர வேண்டும்.

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, முதல் பக்கத்தைக் கையாலும் காலாலுமே பெரும்பாலும் உள்ளே தள்ளிவிடலாம். பிறகு ட்யூப். அதற்கு டால்கம் பவுடர் பூசி, உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைக்க வேண்டும். காற்றே இல்லாத ட்யூப் மடங்கும். லீவரில் சிக்கிக் கிழியும். வால்வைத் துளையில் விட்டு, நட்டை நாலு சுற்று மட்டும் போட்டு வைத்தால் போதும்.

இரண்டாவது பக்கத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வுக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டும். தொடங்கிய இடம் பள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கேயும் விதி. கடைசி ஒரு சாண் இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழப்பார்கள். புது ட்யூப் ஓட்டையாவதும் அங்கேதான். மகள் இந்தத் தடவை தானாகவே எதிர்ப்பக்கம் முழங்காலை வைக்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டீ தம்ளரை மட்டும் கீழே வைக்கிறார்.

முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விட வேண்டும். அதன் அடியில் ட்யூப் சிக்கியிருந்தால் விடுபட்டுவிடும்.

*காற்று அடிக்கும்போது கண் ரிம்மில்*

டயரில் ரிம்மை ஒட்டியபடி மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். காற்று ஏற ஏற, அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தால், அங்கே விளிம்பு சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் அடித்தால் உட்கார்ந்துவிடும்’ என்று டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டிப் போகக் கூடாது. விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் விரலையும் வைக்கக் கூடாது.

சரியாக உட்கார்ந்த பிறகு, கையேட்டிலோ வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ சொல்லியிருக்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தனியாக ஓட்டுவதற்கு ஓர் அளவும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதலாக ஓர் அளவும் கொடுத்திருப்பார்கள். தினமும் இருவர் போகும் வண்டிக்கு இரண்டாவது அளவுதான் சரி.

*தாளைப் பார்!*

மாட்டுவது, கழற்றியதன் தலைகீழ் வரிசை. பிரேக் தட்டைச் சக்கரத்துக்குள் வைத்து, சக்கரத்தை உள்ளே தள்ளி, பல்சக்கரத்தின் பற்றுகளோடு பொருத்தி, குழல் துண்டை வைத்து, அச்சைச் செருகி, நட்டை முதலில் கையால் போட வேண்டும். இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகள் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் இருந்தால் சக்கரம் கோணலாக நிற்கும். செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலான சாதாரண பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே அச்சு நட்டை இறுக்க வேண்டும்.

டார்க் ராடு, பிரேக் ராடு எல்லாம் மாட்டியாயிற்று. மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். சாவியைத் தேடுகிறாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்குறேன்ப்பா.”

“முதல்ல தாளைப் பார்.”

தாளின் நடுவில் பழைய ஸ்பிளிட் பின் கிடக்கிறது. அதன் பக்கத்தில், உறை பிரிக்காத புது ஸ்பிளிட் பின்.

“இவ்வளவு சின்னதுதானேப்பா. நட்டு டைட்டாத்தான் இருக்கு.”

அப்பா உட்கார்ந்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டி விளக்குகிறார். பிரேக்கை மிதிக்கும்போது கட்டைகள் சக்கரத்தைப் பிடிக்கின்றன. அந்த வேகத்தில் சக்கரம், பிரேக் தட்டையும் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டை ஒன்றுதான். பட்டையைப் பிடித்திருப்பது ஒரு நட். வண்டியின் அதிர்வில் அந்த நட் கழன்று விழாமல் காப்பது இந்தப் பின். பின் இல்லாமல் ஒரு வாரம் ஓடலாம், ஒரு மாதமும் ஓடலாம். நட் விழுந்த பிறகு மிதிக்கும் முதல் பிரேக்கில் தட்டு சுழன்று, பிரேக் ராடை முறுக்கிக்கொண்டு, சக்கரம் ஒரே அடியாக நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மகள் புது பின்னைச் செருகி, கால்களைப் பிளையரால் வளைக்கிறாள். பழையதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி அடுத்த முறை ஒடியும்.

*ஓட்டும் முன்பு ஐந்து கேள்விகள்*

1. தாளில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
2. டார்க் ராடின் இரண்டு முனையும் மாட்டியிருக்கிறதா, பின் குத்தியிருக்கிறதா?
3. அச்சு நட் இறுகியிருக்கிறதா? கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். அது வீட்டில் இல்லையென்றால், பக்கத்து மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போய் ஒருமுறை காட்டிவிடலாம். அதில் கூச்சம் வேண்டாம்.
4. சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்றுகிறதா? பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா? விட்டதும் மறுபடி சுற்றுகிறதா?
5. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது பிரேக் பிடிக்கிறதா?

ஐந்துக்கும் சரியான பதில் கிடைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலில் தெருவுக்குள் தனியாக, மெதுவாக. திரும்பி வந்து காற்றையும் நட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். புது டயரின் மேல்பரப்பு முதலில் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்ப்பதும், திடீர் பிரேக்கும் வேண்டாம்.

*பழைய டயர் எங்கே போகிறது?*

மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கும் பழைய டயர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த பிரசவ அறை. போகிக்கு எரிக்கவும் கூடாது. அந்தக் கறும்புகை தெருவில் உள்ள கைக்குழந்தையிலிருந்து தாத்தா வரை எல்லோருடைய மூச்சிலும் ஏறும். பழைய டயரைப் பஞ்சர் கடையிலோ காயலான் கடையிலோ கொடுத்துவிடலாம்.

மத்தியானம் வெயில் ஏறிவிட்டது. மகள் தெருக்கோடி வரை போய்த் திரும்புகிறாள். இறங்கியதும் முதல் வேலையாகக் குனிந்து அந்தப் பின்னைப் பார்க்கிறாள். இருக்கிறது.

மறுநாள் காலை. அம்மா டிபன் பையோடு பின்னால் ஏறி உட்காரப் போகிறார்.

“இரும்மா, ஒரு நிமிஷம்” என்று மகள் மறுபடியும் குனிகிறாள்.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். மறுபடி பேப்பருக்குள் போய்விடுகிறார்.

*அடுத்த வாரம்: செயின் சத்தம் போடுகிறதா? எண்ணெய் போடும் முன்பு என்ன பார்க்க வேண்டும்?*